படம் பார்த்தபின் மனத்தில் தங்கியதை எழுதுவது எப்படி?

விமர்சகருக்கும் பொழுதுபோக்காகப் படம் பார்ப்பவருக்கும் வேலை ஒன்றல்ல. விமர்சகர் படத்தை எடைபோட்டுச் சொல்லக் கடமைப்பட்டவர். அதற்காக அவர் இயக்குநரின் முந்தைய படங்களையும் அந்த வகைப் படங்களின் வரலாற்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். விடுமுறை நாளில் ஒரு ரஜினி படமோ ஸ்பீல்பெர்க் படமோ பார்த்துவிட்டு வருகிறவருக்கு அந்தச் சுமை கிடையாது. எந்தக் காட்சியில் சிரிப்பு வந்தது, எங்கே கண் கலங்கியது, எப்போது கைபேசியை எடுத்துப் பார்க்கத் தோன்றியது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அதை எழுதிவைக்கும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன். இந்தியப் படங்களையும் அமெரிக்கப் படங்களையும் மாறி மாறிப் பார்க்கிறவர்களுக்கு இது கூடுதலாகப் பயன்படும். ஏனெனில் இரண்டும் ரசிகரிடம் கேட்கிற பொறுமையும் திருப்பித் தருகிற இன்பமும் வெவ்வேறு கணக்கில் அமைந்தவை.

குறிப்பை அன்றிரவே எழுதிவிட வேண்டும்; பிறர் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். யூடியூப் விமர்சனம் ஒன்றைக் கேட்டுவிட்டால் போதும், 'இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை' என்ற வாக்கியம் நம்முடைய சொந்தக் கருத்தைப்போல வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நமக்கு உண்மையில் இழுவையாக இருந்ததா என்பதை அதற்குப் பிறகு நம்மாலேயே கண்டுபிடிக்க முடியாது. நான்கு வரியாக இருந்தாலும் அது நம்முடைய நான்கு வரியாக இருப்பது நல்லது.

அந்த நான்கு வரியில் 'செம', 'சுமார்', 'மொக்கை' என்ற தீர்ப்புகளைக் கடைசியில் வைத்துக்கொண்டு, முதலில் இடத்தைக் குறிக்க வேண்டும். இந்த முறையின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பதால் ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். பாலு மகேந்திரா இயக்கி 1982-இல் வெளிவந்த மூன்றாம் பிறையின் இறுதிக் காட்சியைப் பார்த்த பெரும்பாலானோர் 'அழுதுவிட்டேன்' என்பார்கள். உண்மைதான், ஆனால் அது குறிப்பாகாது. எந்த நொடியில் அழுகை வந்தது? நினைவு திரும்பிய ஸ்ரீதேவி ரயிலில் அமர்ந்திருக்கிறார். அடிபட்டு, சேறும் சகதியுமாக, நொண்டிக்கொண்டே கமல் ஓடிவருகிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் அந்தப் பெண்ணின் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. உடனே, முன்பு எதைச் செய்து அவளைச் சிரிக்கவைத்தாரோ அந்தக் குரங்காட்டத்தையே மறுபடியும் ஆடிக்காட்டத் தொடங்குகிறார். இதுவரை எழுதியபின் நம்மிடம் நாமே கேட்க வேண்டும்: ரயில் கிளம்பியது நம்மை உலுக்கியதா, அல்லது மகிழ்ச்சிக்காகப் பிறந்த ஒரு விளையாட்டு அங்கே பிச்சைக்காரனின் வித்தையாகத் தெரிந்துவிட்டதே, அது உலுக்கியதா? என் விடை இரண்டாவது. வேறொருவருக்கு அந்தப் பெண்ணின் முகத்தில் தெரியும் சாதாரண இரக்கமே தாங்க முடியாததாக இருந்திருக்கலாம். இருவரும் 'அழுதேன்' என்று மட்டும் எழுதியிருந்தால் இந்த வேறுபாடு வெளியே வந்திருக்காது.

படம் தொடங்குவதற்கு முன் ஒரு வரி எழுதிவைத்துக்கொள்வதும் உதவும்: 'இந்தப் படத்திடம் நான் என்ன எதிர்பார்க்கிறேன்?' ட்ரெய்லர் பார்த்தோமா, நாயகருக்காகப் போகிறோமா, இசையமைப்பாளருக்காகப் போகிறோமா, நண்பர் இழுத்துக்கொண்டு போகிறாரா என்பதையெல்லாம் அந்த ஒரு வரியில் அடக்கிவிடலாம். ஏமாற்றம் என்று நாம் எழுதுவதில் பாதி, படத்தைவிட ட்ரெய்லரோடு தொடர்புடையது என்பது பிறகு படித்துப் பார்க்கும்போது தெரியவரும்.

இனி இடைவேளைக்கு வருவோம். நம் வணிகப் படங்கள் இடைவேளையை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. முதல் பாதி எதைச் சேர்த்துவைக்கிறது, எந்தப் புள்ளியில் அதை உடைக்கிறது என்பதே அவற்றின் கட்டுமானம். சுரேஷ் கிருஷ்ணாவின் பாட்ஷா (1995) இதற்குப் பாடப்புத்தகம்போல நிற்கிறது. ஆட்டோக்காரர் மாணிக்கம் அடி வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும் ஒவ்வொரு காட்சியும் ரசிகரின் கணக்கில் பாக்கியாக ஏறிக்கொண்டே போகிறது; தங்கைக்கு ஆபத்து வரும்போது அந்தப் பாக்கி வட்டியும் முதலுமாகத் தீர்க்கப்படுகிறது. அமெரிக்கப் படங்கள் பெரும்பாலும் இடைவேளையே இல்லாமல் ஓடுவதற்காக எழுதப்பட்டவை. அவற்றை நம் திரையரங்குகளில் பாதியில் நிறுத்தும்போது, அந்த வெட்டு ஓர் உரையாடலின் நடுவிலோ மெல்ல ஏறிக்கொண்டிருக்கும் பதற்றத்தின் நடுவிலோ விழுகிறது. எனவே தமிழ்ப் படத்துக்கு இடைவேளையில் ஒரு குறிப்பும் முடிவில் ஒரு குறிப்பும் எழுதுவது நியாயம். ஆங்கிலப் படத்தைப் பற்றி 'முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதி சரியில்லை' என்று எழுதுமுன், அந்தப் பாதியை வகுத்தது இயக்குநரா திரையரங்கா என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

காதில் விழுந்ததைக் குறித்துக்கொள்பவர்கள் குறைவு. கண்ணில் பட்டதையே எல்லோரும் எழுதுகிறோம். ஸ்பீல்பெர்க்கின் ஜாஸ் (1975) பயமுறுத்தியது என்று எழுதுகிறவர் சுறாவைப் பற்றித்தான் எழுதுவார், ஆனால் அந்தப் படத்தின் பெரும்பகுதியில் சுறா முழுதாகக் கண்ணில் படுவதே இல்லை. படப்பிடிப்புக்காகச் செய்த இயந்திரச் சுறா கடல்நீரில் அடிக்கடி பழுதாகிவிட்டதால், அது இருக்கும் இடத்தை நீரில் மிதக்கும் பீப்பாய்களும் ஜான் வில்லியம்ஸின் அந்த இரண்டு சுர இசையும் உணர்த்தின. காஸ்ட் அவே (2000) படத்தில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். டாம் ஹாங்க்ஸ் தனித்தீவில் இருக்கும்வரை பின்னணி இசையே கிடையாது. தீவை விட்டுக் கடலுக்குள் போனபிறகுதான் இசை எழுகிறது. அந்த இடத்தில் 'ஏனோ தொண்டை அடைத்தது' என்று நீங்கள் எழுதியிருந்தால், அந்த 'ஏனோ'வுக்கு விடை காதில் இருக்கக்கூடும். காட்சி ஒன்று பாதித்தால், அப்போது பின்னணியில் என்ன ஒலித்தது, அல்லது எதுவும் ஒலிக்காமல் இருந்ததா என்று ஒரு சொல்லாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாடல்களைப் பற்றி எழுதும்போது நம்மவர்கள் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: 'இந்தப் பாட்டை வெட்டிவிட்டால் கதைக்கு ஏதாவது குறையுமா?' பயனுள்ள கேள்விதான். அந்தநாள் (1954) பாடலே இல்லாமல் எடுக்கப்பட்டது, கைதியும் (2019) அப்படியே. இரண்டுக்கும் பாடல் தேவைப்படவில்லை. ஆர்ஆர்ஆர் (2022) படத்தின் 'நாட்டு நாட்டு' பாடலை வெட்டினால் கதையிலேயே ஓட்டை விழும். ஆட்டப்போட்டியின் கடைசியில் இரு நாயகர்களில் ஒருவரான ராம் வேண்டுமென்றே தோற்றுப்போவதும், நண்பன் பீம் தன் காதலியின் முன்னால் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகவே ராம் அதைச் செய்வதும் அந்தப் பாட்டுக்குள்தான் நடக்கின்றன. பலர் ஆட்டத்தைப் பற்றி எழுதினார்கள், ஆஸ்கர் கிடைத்ததைப் பற்றி எழுதினார்கள். அந்தச் சின்ன விட்டுக்கொடுத்தலை எழுதியவர்கள் குறைவு. ஆயினும் இந்தக் கேள்வியோடு மட்டும் நின்றுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. கதையை ஓர் அங்குலம்கூட நகர்த்தாத பாட்டு ஒன்று ஐந்து நிமிடம் நம்மை மகிழ்ச்சியாக வைத்திருந்தால், அதுவும் நமக்கு நேர்ந்த ஒன்றே. 'தேவையில்லாத பாட்டு' என்று கடமைக்கு எழுதிவிட்டு வீட்டில் அதையே திரும்பத் திரும்பக் கேட்பதில் நேர்மை இல்லை.

ரீமேக்கும் தழுவலும் வரும் இடத்தில் சச்சரவும் வரும். கஜினி (2005) பற்றிப் பேச்செடுத்தால், கிறிஸ்டோபர் நோலனின் மெமன்டோ (2000) படத்தின் நகல் என்ற ஒரே சொல்லோடு பேச்சை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. பச்சைகுத்திய உடலும், புகைப்படங்களும், சற்றுமுன் நடந்தது தங்காத நினைவும் அங்கிருந்து வந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நோலன் படம் நிகழ்ச்சிகளைப் பின்னோக்கி அடுக்கி, நாயகனின் குழப்பத்தை நமக்கும் ஏற்படுத்துகிறது. முருகதாஸ் இயக்கிய கஜினி அந்தக் குழப்பத்தைக் கைவிட்டுவிட்டு, அசின் நடித்த கல்பனாவின் கலகலப்பான பொய்களில் தொடங்கும் ஒரு காதல் கதைக்கு நேரம் ஒதுக்குகிறது. உங்கள் குறிப்பில் அசின் வரும் காட்சிகள் இரண்டு வரி இடம் பிடித்திருந்தால், உங்களைத் தொட்டது நோலனிடமிருந்து வராத பகுதிதான். இப்படிப்பட்ட இணைகளைப் பற்றி எழுதும்போது எதை முதலில் பார்த்தீர்கள் என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், ஏனெனில் முதலில் பார்த்தது அளவுகோலாகவும் இரண்டாவது அளக்கப்படும் பொருளாகவும் ஆகிவிடும்.

டப்பிங்கில் பார்த்தோமா, சப்டைட்டிலோடு பார்த்தோமா, திரையரங்கிலா, கைபேசியிலா என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். சப்டைட்டிலைப் படித்துக்கொண்டே பார்த்த படத்தில் நடிப்பைப் பற்றி உறுதியாகச் சொல்வது கடினம். கண் பாதி நேரம் திரையின் அடிப்பகுதியில்தான் இருந்திருக்கும்.

பிடிக்காத படத்தைப் பற்றி எழுதுவதற்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். நீளம் அதிகம் என்பது பொதுவான புகார். லகான் 3 மணி 40 நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது, டைட்டானிக் 3 மணி நேரத்தைத் தாண்டுகிறது. இரண்டையும் கூட்டம் கூட்டமாகப் பார்த்தார்கள். ஆகவே நீளம் என்று எழுதாமல், எந்தக் காட்சியில் கடிகாரத்தைப் பார்த்தோம் என்று எழுத வேண்டும். பெரும்பாலும் அது, நமக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்ட ஒன்றைப் படம் மறுபடியும் விளக்கிக்கொண்டிருந்த இடமாக இருக்கும். 'லாஜிக் இல்லை' என்ற புகாரையும் இப்படியே சோதிக்கலாம். ஒரே அடியில் பத்துப் பேர் பறக்கிற உலகம் என்று முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிட்ட படத்திடம் புவியீர்ப்பு விசையைப் பற்றிக் கேட்பது வீண். தான் வகுத்த விதியைத் தானே மீறும் படத்திடம் தாராளமாகக் கேட்கலாம்.

எழுதியதைப் பிறரோடு பகிர்வதாக இருந்தால் இன்னொரு முறை படித்து, முடிச்சுகளை அவிழ்க்கும் வரிகளை நீக்கிவிடுங்கள். சைக்கோ (1960) வெளியானபோது, படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். காரணத்தை, பார்க்காதவர்களுக்காக, நானும் இங்கே சொல்லாமல் விடுகிறேன். பாபநாசம் போன்ற படத்துக்கு 'கடைசியில் ஒரு ட்விஸ்ட் இருக்கிறது' என்று சொல்வதே பாதி ரகசியத்தை உடைத்த மாதிரி; கேட்டவர் அந்த நிமிடத்திலிருந்து படம் பார்ப்பதை விட்டுவிட்டுத் துப்பறியத் தொடங்கிவிடுவார். உங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் குறிப்பில் இந்தத் தடை எதுவும் தேவையில்லை.

சில ஆண்டுகள் கழித்து அதே படத்தைப் பார்க்க நேர்ந்தால், பழைய குறிப்பை முதலில் படிக்காதீர்கள்; புதிதாக எழுதிவிட்டு அதன்பின் பழையதை எடுத்துப் பாருங்கள். அன்பே சிவம் (2003) வெளியானபோது வசூலில் தோற்றது. தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன் (1994) படத்துக்கும் திரையரங்குகளில் அதே கதிதான். பிறகு தொலைக்காட்சியிலும் வீட்டிலும் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள்தான் இரண்டையும் கொண்டாடத் தொடங்கினார்கள். உங்கள் இரண்டு குறிப்புகளும் முரண்பட்டால் எதையும் அழிக்க வேண்டியதில்லை. தேதியைப் போட்டு ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துவிட்டு, முதல் முறை கவனிக்கத் தவறிய காட்சி எது என்பதை மட்டும் மூன்றாவது வரியாகச் சேர்த்துவிடுங்கள்.