ரெண்டரிங்கில் நாம் மாற்றாமல் விடுகிற அமைப்புகள்

கோலாலம்பூரில் வீட்டுக்குப் படம் போடுகிற கட்டடக்கலைஞரும், கல்யாணத்துக்குக் கேமரா தூக்குகிற புகைப்படக்காரரும், திருவிழாவுக்குப் பதாகை செய்கிறவரும், ஓவிய வகுப்புக்குப் போகும் பிள்ளையும் "ரெண்டர் பண்ணணும்" என்றுதான் சொல்கிறார்கள். ஒருவருக்கு அது முப்பரிமாண மாதிரியைப் படமாக்குவது. இன்னொருவருக்கு, கேமரா மெருகேற்றாமல் பதிந்து வைத்த ரா கோப்பிலிருந்து வண்ணம் எடுப்பது. அப்புறம் எழுத்தைத் திரையில் சரியாக வரைவது, பென்சிலால் நிழல் ஏற்றுவது. விளக்குக் கடையில் கலர் ரெண்டரிங் என்றால் வேறு, கட்டட வேலையில் சுவர்ப் பூச்சுக்கும் அதே பெயர். வேலை எதுவானாலும் தவறு நடக்கிற இடம் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: வேறு யாரோ முன்கூட்டியே வைத்துவிட்ட அமைப்பை நாம் பார்க்காமலே ஏற்றுக்கொள்வது.

வெயிலை எடுத்துக்கொள்வோம். முப்பரிமாண மென்பொருளில் சூரியனைப் போட்டதும் நிழல் அழகாக விழும். ஆனால் அது எந்த ஊர்ச் சூரியன்? இடத்தை மாற்றாவிட்டால் பல மென்பொருள்களில் அது ஏதோ ஓர் அமெரிக்க, ஐரோப்பிய நகரத்துடையது. அங்கே நண்பகலில் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகைதான். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நம் உச்சி வெயில் வடக்கிலிருந்து வருகிறது. "வடக்குப் பக்கம்தானே, வெயில் படாது" என்று படத்தை நம்பிப் பெரிய கண்ணாடி வைத்தவருக்கு ஜூன் மாதம் விஷயம் புரியும்.

நேரத்திலும் ஒரு பொறி உண்டு. 1982 முதல் தீபகற்ப மலேசியா சபா, சரவாக்கின் நேரத்தைப் பின்பற்றுவதால், இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஏறக்குறைய ஒன்றேகாலுக்கு. மென்பொருளில் நேர மண்டலத்தைச் சரியாக வைக்காவிட்டால் நிழல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தள்ளிப்போகும். எல்லாப் படத்திலும் நீண்டு சாய்ந்த பொன்மாலை வெளிச்சம் போடுகிற பழக்கமும் எனக்குப் பிடிப்பதில்லை. இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர்குத்தாக இறங்கும். அந்த வெளிச்சம் சீக்கிரமே போய்விடும். மேகம் கவிந்த மதியத்தில் அந்த வீடு எப்படி இருக்கும் என்று ஒரு படமாவது போட்டுக் காட்டலாமே.

கொண்டோ எனும் அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிரசுரத்தில் இருப்பது ஓவியரின் கற்பனை என்று ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அகலக் கோணத்தில் ரெண்டர் செய்தால் எந்த வரவேற்பறையும் விசாலமாகத்தான் தெரியும். கையெழுத்துப் போடும்முன் பார்க்க வேண்டியது ஒப்பந்தத்தோடு இணைந்துள்ள வரைபடத்தின் அளவுகளை.

புகைப்படத்துக்கு வந்தால், அடிக்கடி கேட்கிற புலம்பல் இது: "கேமராத் திரையில் பளிச்சென்று இருந்தது, கணினியில் போட்டால் செத்துக் கிடக்கிறது." கேமராத் திரையில் தெரிவது கேமரா தானே நிறமும் அழுத்தமும் ஏற்றித் தயாரித்த ஜேபெக். ரா கோப்பைக் கணினியில் திறந்தால் அந்த மென்பொருள் தன் சொந்தக் கணக்கில் வண்ணம் போடுகிறது. இது தெரியாமல் ஐந்நூறு படத்தையும் ஒவ்வொன்றாகத் திருகுவது வீண் உழைப்பு. முதலில் உங்கள் கேமராவுக்குப் பொருந்தும் வண்ண புரொஃபைலைத் தேர்ந்தெடுத்து, அதை மொத்தமாக ஏற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

விளக்கு செய்கிற கோளாறு இன்னும் நுட்பமானது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியிலோ மஸ்ஜித் இந்தியா பகுதியிலோ ஒரு துணிக்கடைக்குள் அரக்குச் சிவப்புப் பட்டைப் படமெடுத்துப் பாருங்கள். பல நேரம் செங்கல் நிறத்தில் வந்து நிற்கும். குற்றம் கேமராவுடையதாக இல்லாமலிருக்கலாம். விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்ல எல்இடி பெட்டியில் அச்சிடும் சிஆர்ஐ எண், எட்டு மிதமான வண்ண மாதிரிகளின் சராசரி மட்டுமே. அடர்சிவப்புக்கு ஆர்9 என்று தனி அளவு இருக்கிறது, அது அந்தச் சராசரியில் சேராது. ஆகவே சிஆர்ஐ 80 என்று போட்ட விளக்குகூட அடர்சிவப்பில் மோசமாகத் தேறலாம். வெளிச்சத்திலேயே குறைவாக உள்ள சிவப்பை, கேமராவின் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) எவ்வளவு திருகினாலும் முழுசாகக் கொண்டுவர முடியாது. சேலையைத் தூக்கிக்கொண்டு கடை வாசல் ஐந்தடிப் பாதையின் நிழலுக்கு வந்தால் வேலை முடிந்தது.

அச்சுக்குப் போகும்போது ராணிப் பிங்க்கும் மயில்கழுத்து நீலமும் அடுத்த தலைவலி. திரை காட்டும் அந்த நிறங்களில் பல, நான்கு வண்ண மையின் எல்லைக்குள் வராது. அவற்றை என்ன செய்வது என்று சொல்வதுதான் ரெண்டரிங் இன்டென்ட். பெர்செப்சுவல் என்றால் எல்லா வண்ணத்தையும் சேர்த்துச் சுருக்கும். ரிலேட்டிவ் என்றால் எல்லைக்கு வெளியே உள்ளதை மட்டும் வெட்டி ஓரத்தில் நிறுத்தும். சேலைச் சுருக்கங்களில் மடிப்பே தெரியாமல் ஒரே நிறமாக அப்பிக்கொண்டால் ரிலேட்டிவை விட்டுப் பெர்செப்சுவலுக்கு மாற்றிப் பாருங்கள்.

பென்சிலில் வரைகிறவர்களுக்குக் கைப்பழக்கம்தான் மாற்றாத அமைப்பு. முதலில் சுற்றிக் கறுப்புக் கோடு, உள்ளே விரலால் தேய்த்த சாம்பல். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யாமல் ஏற்றிய நிழல் வெறும் அழுக்கு.

பினாங்கில் பழைய கடைவீடு வைத்திருப்பவர்கள் சிமெண்டுப் பூச்சில் இதே தவறைச் செய்கிறார்கள். ஜோர்ஜ்டவுன் 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அங்குள்ள பழைய செங்கல் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தோடு மூச்சுவிடுபவை. மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே சிக்கும், உப்புப் பூக்கும், கொஞ்ச காலத்தில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்.

கடைசியாக, நம் ஆட்கள் எல்லாருக்கும் பொதுவான தவறு: தமிழ் எழுத்து. 'கோலாலம்பூர்' என்று தட்டினால் கோப்பில் முதலில் ககரம், அப்புறம் ஓகாரக் குறி. அந்தக் குறியைப் பிரித்து இரட்டைக்கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது எழுத்தை ரெண்டர் செய்யும் நிரலின் வேலை. அது முடக்கப்பட்டிருந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பொங்கல், தைப்பூசம், கோவில், வரவேற்கிறோம் என்று பதாகைக்கு வேண்டிய சொல் எல்லாமே கொம்போ ஐகாரமோ உள்ளவை, எல்லாம் உடையும்.

தீர்வு சில நொடி வேலைதான். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் வேர்ல்டு-ரெடி லேஅவுட், இன்டிசைனில் வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர், இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்சஸின் டைப் பகுதிக்குள் ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ். அதைத் தேடாமல் கொம்பைக் கையால் இழுத்து முன்னால் வைப்பதும், ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத பழைய எழுத்துருவுக்கு ஓடுவதும் அடுத்த ஆண்டு அதே கோப்பைத் திறப்பவருக்குச் செய்கிற துரோகம். எழுத்துரு மாறியதும் அவர் முன் நிற்பது ஆங்கிலக் கூளம். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர், அவருடைய இணைமதி எழுத்துரு மேக் கணினியோடே வருகிறது. இவ்வளவு கையிலிருந்தும் உடைந்த 'வரவேற்கிறோம்' இன்னும் தொங்குகிறது என்றால் சோம்பல் என்றுதான் சொல்வேன்.

அச்சகத்துக்கு அனுப்பும் பிரதியில் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றிவிடுங்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லாமல் போகலாம், அதனால் பி.டி.எஃப் கூடவே ஒரு ஜேபெக் படத்தையும் வாட்ஸ்அப்பில் போட்டு, அச்சில் வருவது இதே மாதிரி இருக்கிறதா என்று கண்ணால் ஒப்பிடச் சொல்லுங்கள்.