நீர்ச் சிக்கன மாதிரித் தோட்டத்தைப் பார்வையிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறைந்த நீரில் பசுமையை வளர்ப்பது எப்படி என்று பொதுமக்களுக்குக் காட்டுவதற்காக அமைக்கப்பட்ட மாதிரித் தோட்டங்களுக்குச் செல்பவர்களில் பலர், செடிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றோடு வீடு திரும்புகிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ளவற்றைத் தேடி வாங்கி நட்டு, அடுத்த கோடை முடிவதற்குள் அவற்றில் பாதி பட்டுப்போனதும், இந்த முறையே நம் நிலத்துக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வறண்ட நிலத் தோட்டக்கலைக்கு அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீர் அமைப்பு 1981-இல் 'ஜெரிஸ்கேப்' என்று பெயரிட்டது. அந்த முறையின் அடிப்படைகளாக ஏழு கோட்பாடுகள் சொல்லப்படுகின்றன: திட்டமிடல், மண் மேம்பாடு, அளவறிந்த பாசனம், பொருத்தமான செடித் தேர்வு, மூடாக்கு (மண்ணின் மேல் பரப்பும் இலைச்சருகு போன்ற போர்வை), தேவையான அளவுக்கு மட்டும் புல்வெளி, முறையான பராமரிப்பு. செடித் தேர்வு இவற்றுள் ஒன்றே ஒன்று. மற்ற ஆறையும் பார்க்காமல் திரும்புவதுதான் பார்வையாளர் செய்யும் மிகப் பெரிய தவறு. கீழே சொல்லப்படும் பிழைகளில் பலவும் அதிலிருந்து பிறந்தவையே.

முதலாவதாக, தம் நிலத்தைப் பற்றி எதுவும் அறியாமல் புறப்படக் கூடாது. காலை வெயில் எங்கே விழுகிறது, மாலை வெயில் எந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிறது, மழை பெய்தால் நீர் எந்த மூலையில் தேங்குகிறது என்பதைக் குறித்த ஒரு கைப்பட வரைபடம் போதும். மண்ணின் வடிகால் திறனையும் வீட்டிலேயே சோதிக்கலாம். 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, நீர் நிரப்பி, அது முழுவதும் வடிந்த பிறகு மறுபடியும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தால், 2.5 செ.மீ.க்கும் குறைவாக இறங்கும் மண்ணை வடிகால் குறைந்தது என்று கொள்ளலாம். வறண்ட நிலச் செடிகளில் பல, தாகத்தால் மடிவதைவிட, நீர் தேங்கிய மண்ணில் வேர் அழுகி மடிவதே அதிகம் என்பதால், இந்த ஒரு விவரம் இல்லாமல் எந்தப் பாத்தியையும் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது.

பூக்கும் பருவத்தில் மட்டும் சென்று பார்ப்பது அடுத்த தவறு. மழைக்குப் பிந்தைய வாரங்களில் எந்தத் தோட்டமும் அழகாகத்தான் இருக்கும். கோடையின் கடைசி நாள்களில் எவை இலை உதிர்த்து நிற்கின்றன, எவை நண்பகலில் வாடி மாலையில் நிமிர்கின்றன, எவை சற்றும் மாறாமல் நிற்கின்றன என்று பார்த்தவர்தான் அந்தத் தோட்டத்தைப் பார்த்தவர். கடும் வெயிலில் இலை உதிர்த்து உறங்குவது சில செடிகளின் இயல்பு. அந்தத் தோற்றத்தோடு சில மாதங்கள் வாழத் தமக்குச் சம்மதமா என்பதை அங்கேயே நின்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பெயர்ப்பலகையில் 'வறட்சியைத் தாங்கும்' என்று இருந்தால், நட்ட நாளிலிருந்தே அது தாங்கும் என்று எண்ணிவிடுகிறார்கள். வேர் ஆழமாக இறங்கி நிலைத்த செடிக்குத்தான் அந்தச் சொல் பொருந்தும்; பெரும்பாலான செடிகளுக்கு முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் முறையான நீர் தேவைப்படுகிறது. நம் முன்னே செழித்து நிற்கும் புதர் எத்தனை ஆண்டுகளுக்கு முன் நடப்பட்டது, தொடக்கத்தில் எத்தனை நாள்களுக்கு ஒருமுறை நீர் பெற்றது என்று கேட்காமல் அதன் படத்தை மட்டும் எடுத்துச் செல்வதில் பயன் இல்லை. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் தோட்டக்கலைஞர் பெத் சாட்டோ 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய சரளைக்கல் தோட்டம் இதற்கு நல்ல சான்று. வாகன நிறுத்துமிடமாக இருந்த நிலத்தில் அமைந்த அது, பாசனம் இல்லாமலே வளர்க்கப்படுவதற்காகப் புகழ்பெற்றது. ஆனால் செடி வைப்பதற்கு முன், வாகனங்கள் ஏறி இறுகிப்போயிருந்த அந்த மண் ஆழமாக உடைக்கப்பட்டது, மக்கிய உரம் கலக்கப்பட்டது. பார்வையாளர் கண்ணில் படாத அந்த உழைப்பின் மேல்தான் மற்றவை எல்லாம் நிற்கின்றன.

மாதிரித் தோட்டத்தில் கண் அதிக நேரம் தங்க வேண்டிய இடம் தரைமட்டம். அங்குதான் மிகக் குறைவானவர்கள் பார்க்கிறார்கள். ஒரே அளவு நீர் தேவைப்படும் செடிகள் ஒரே பாத்தியில் கூட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி வால்வு இருக்கும். இந்தப் பிரிவினையைக் கவனிக்காமல், நீர் விரும்பும் செடி ஒன்றையும் வறட்சிச் செடி ஒன்றையும் அழகுக்காக அருகருகே நட்டுவிட்டால், இரண்டில் ஒன்று நிச்சயம் துன்புறும். சொட்டு நீர்க் குழாயில் நீர் சொட்டும் முனைகளான சொட்டுவான்கள் தண்டை ஒட்டி இருக்கின்றனவா, கிளைகளின் விளிம்புக்குக் கீழே இருக்கின்றனவா என்று குனிந்து பார்க்க வேண்டும். செடி பெரிதாகும்போது நீரை உறிஞ்சும் வேர்கள் வெளிநோக்கிப் பரவுவதால், சொட்டுவான்களையும் வெளியே நகர்த்த வேண்டியிருக்கும். களிமண் பகுதியில் நீரை ஒரே மூச்சில் விடாமல், சிறிது நேரம் விட்டு, ஊற இடைவெளி கொடுத்து, மீண்டும் விடுவார்கள். இல்லையென்றால் நீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிடும்.

நீர்ச் சிக்கனத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் அளவைக் கேட்காமல் வருவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. கணக்கு எளிமையானது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நின்றால் அது ஒரு லிட்டர் நீர். 100 சதுர மீட்டர் புல்வெளிக்கு 25 மி.மீ. நீர் விடுவது என்றால் 2,500 லிட்டர் செலவு. மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவான் இரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு செடிக்குக் கிடைப்பது 8 லிட்டர். பாத்தியின் பரப்பு, சொட்டுவான்களின் எண்ணிக்கை, வாரத்துக்கு எத்தனை முறை என்ற மூன்றையும் ஊழியரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டால், அந்தப் பாத்தி வீட்டில் எவ்வளவு நீர் கேட்கும் என்பதை நாமே கணக்கிடலாம்.

கல்லைப் பரப்பிவிட்டால் நீர் மிச்சம் என்ற எண்ணமும் இத்தகைய தோட்டங்களைத் தவறாகப் பார்ப்பதால் வருவதுதான். நன்கு அமைக்கப்பட்ட சரளைப் பாத்தியில் செடிகள் வளர்ந்து கல்லின் பெரும்பகுதியை மூடியிருக்கும். நிழலே இல்லாத வெறுங்கல் பரப்பு பகலில் வெப்பத்தைச் சேர்த்து வைத்து, சுற்றியுள்ள செடிகளின் நீர்த்தேவையைக் கூட்டிவிடும். அதன் கீழே பிளாஸ்டிக் தாள் விரிப்பது இன்னும் கேடு. மழைநீரும் காற்றும் மண்ணுக்குள் போக வழியிருக்காது. இலைச்சருகு, மரத்துண்டு போன்ற மக்கும் மூடாக்கு எந்தக் கனத்தில் இடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 5 முதல் 10 செ.மீ. வரை இருக்கும், தண்டைத் தொடாமல் சற்று விலகியும் இருக்கும். புல்வெளியைப் பொறுத்தவரை, அதை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை. குழந்தைகள் விளையாடும் அளவுக்கு ஓரிடத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

வேறு தட்பவெப்பத்தில் அமைந்த தோட்டத்தை அப்படியே நகலெடுப்பதில் ஆபத்து உண்டு. குளிர்கால மழையும் கோடை வறட்சியும் உள்ள பகுதியின் செடிகள், கோடையில் மழை பெறும் பகுதியில் ஈரமும் வெப்பமும் சேர்ந்து தாக்கும்போது அழுகிவிடக்கூடும். வறட்சியைத் தாங்குவதாலேயே ஒரு செடி நல்லதாகிவிடுவதும் இல்லை. வறண்ட நிலங்களைப் பசுமையாக்குவதற்காக அமெரிக்கக் கண்டங்களிலிருந்து பல நாடுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சீமைக்கருவேலம், அங்கெல்லாம் கட்டுக்கடங்காமல் பரவி மேய்ச்சல் நிலங்களை விழுங்கியது. ஒரு செடி தம் பகுதியில் களையாகப் பரவுகிறதா என்பதை விசாரித்த பிறகே அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

தோட்டத்துக்குள் நடந்துகொள்ளும் முறையிலும் கவனம் தேவை. படம் எடுப்பதற்காகப் பாத்திக்குள் கால் வைத்தால் மண் இறுகி, நீர் இறங்கும் வழி அடைபடும். விதையையோ தண்டையோ கேட்காமல் கிள்ளிச் செல்வது, பிறர் கற்க வேண்டிய சான்றை அழிப்பதாகும். அதோடு பூச்சியும் நோயும் வீடு வந்து சேரலாம். பூவை மட்டும் படம் பிடிக்காமல், பெயர்ப்பலகை, முழுச் செடி, தரை ஆகியவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தால் பின்னர் குழப்பம் இராது. ஊழியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் மிகவும் பயன் தருவது, இங்கே நட்டுப் பிழைக்காமல் போனவை எவை, ஏன் என்பதே. பலகைகள் வென்றவற்றை மட்டும் சொல்கின்றன. இழந்தவற்றைத் தோட்டத்தைப் பராமரிப்பவர்கள் மட்டுமே அறிவார்கள், கேட்டால் மனம் திறந்து சொல்வார்கள்.

பார்த்த உற்சாகத்தில் அன்றே செடிகளை வாங்கிக் குவிக்க வேண்டாம். முதிர்ந்த செடியின் அகலத்தை அங்கேயே அடியால் அளந்து, அந்த இடைவெளி விட்டு நட்டால் எத்தனை செடிகள் தேவை என்று பாருங்கள். தொட்டியில் இருக்கும் அளவை வைத்து நெருக்கி நட்டவை சில ஆண்டுகளில் ஒன்றோடொன்று நீருக்குப் போட்டியிடும். பெரிய செடியைவிடச் சிறிய செடி விரைவில் வேர்பிடிக்கும் என்பதால், சிறியவற்றையே மழைப் பருவத்தின் தொடக்கத்தில், ஒரு பாத்தியில் மட்டும் முதலில் நடுவது நல்லது. நீர்மானி இருந்தால் நடுவதற்கு முந்தைய மாதத்து அளவைக் குறித்து வையுங்கள். ஓராண்டு கழித்து அதே மாதத்து அளவோடு ஒப்பிட்ட பிறகு இரண்டாவது பாத்தியைத் தொடங்கலாம்.