பாஹா வண்டி கட்டும் டீம்கள் எங்கே சறுக்குகின்றன?

இரவு பத்து மணிக்கும் மெக்கானிக்கல் பிளாக் ஒர்க்‌ஷாப்பில் விளக்கு எரிகிறதா? உள்ளே பாஹா பசங்க இருக்கிறார்கள் என்று அர்த்தம். கரடுமுரடான தரையில் ஓடக்கூடிய, ஒரே ஆள் உட்காரும் வண்டியை மாணவர்களே வடிவமைத்து, கட்டி, ஓட்டிக் காட்டும் போட்டி இது. அமெரிக்காவில் 1976-ல் தொடங்கியது. இந்தியாவில் வாகனப் பொறியாளர்கள் அமைப்பான எஸ்ஏஇ இந்தியா 2007-ல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் ஆரம்பித்தது. பெட்ரோல் பிரிவில் எல்லா டீமுக்கும் ஒரே மாதிரி எஞ்சின். அதனால் ஜெயிப்பதும் தோற்பதும் மற்ற வேலைகளில்தான் இருக்கிறது.

அந்த ஒர்க்‌ஷாப்பில் மூன்று வருடம் கிடந்தவன் நான். இப்போது ஜூனியர்கள் கூப்பிட்டால் டிசைனைப் பார்த்துவிட்டு வருவேன். முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை.

முதலில் நேரம். கம்ப்யூட்டரில் டிசைன் செய்வதிலேயே பாதி வருடம் போய்விடும். இன்னும் அரை கிலோ குறைக்கலாம், இன்னொரு தடவை அனாலிசிஸ் ஓட்டலாம் என்று இழுப்பார்கள். அப்புறம் ட்யூப் வாங்கி, வளைத்து, வெல்டிங் முடிப்பதற்குள் போட்டிக்கு ஏற்றிப்போகும் லாரி வாசலில் நிற்கும். பெயிண்ட்கூட சரியாகக் காயாத வண்டி அதில் ஏறும். போட்டியின் கடைசிக் கட்டமான எண்ட்யூரன்ஸ் ரேஸ் நான்கு மணி நேரம். அதுவரை கல்லூரி மைதானத்தில் மொத்தமாக அரை மணி நேரம் ஓடிய வண்டி அங்கே என்ன தாங்கும்? சஸ்பென்ஷன் ஆர்ம் எங்கே வளையும், எந்த போல்ட் கழன்று விழும் என்பதெல்லாம் ஓட்டினால்தான் தெரியும். அழகு குறைந்தாலும் பரவாயில்லை, இரண்டு மாதம் முன்னாலேயே வண்டி தரையில் உருண்டாக வேண்டும்.

ரூல்புக்கை கேப்டன் ஒருவர் மட்டும் படிப்பது அடுத்த தவறு. டிரைவரைச் சுற்றியிருக்கும் பாதுகாப்புக் கூண்டான ரோல் கேஜ், அதன் ட்யூபின் கார்பன் அளவிலிருந்து அவசரத்துக்கு எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச் எங்கே இருக்க வேண்டும் என்பது வரை அதில் இருக்கிறது. ஹெல்மெட், பெல்ட் எல்லாம் மாட்டியிருக்கும் டிரைவர் ஐந்து நொடிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். சும்மா படித்தால் எளிதாகத் தெரியும். ஆறடிப் பையன் ஒருவனை உட்காரவைத்துப் பாருங்கள், ஸ்டியரிங்கில் முழங்கால் மாட்டும்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நாங்கள் விழுந்த இடம் அது. பிரேக் டெஸ்டில் நான்கு சக்கரமும் உருளாமல் ஒன்றாக லாக் ஆக வேண்டும். ஆகாவிட்டால் ரேஸ் கிடையாது. எங்கள் வண்டியில் பின்சக்கரம் ஒன்று மட்டும் உருண்டுகொண்டே இருந்தது. பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கியது. லைனில் காற்று இருக்கிறது என்று புரிந்து மூன்று தடவை பிளீட் பண்ணினோம், அதாவது ஆயிலோடு சேர்த்துக் காற்றை வெளியே விட்டோம், இரண்டு பாட்டில் பிரேக் ஆயில் தீர்ந்தது, பலன் இல்லை. பக்கத்து டீம் அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "காலிப்பரைத் தலைகீழா மாட்டியிருக்கீங்களேப்பா?" பிரேக் பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர், பைக்குடையது அது. மறுபக்கத்துச் சக்கரத்தில் போட்டதால் ஆயில் விடும் நிப்பிள் கீழே பார்த்திருந்தது. காற்று மேலேதானே நிற்கும்? கீழே இருக்கும் ஓட்டை வழியாக எத்தனை தடவை ஆயில் விட்டாலும் அது நகராது. காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவில் மரத்துண்டு வைத்து, நிப்பிள் மேலே இருக்கும்படி பிடித்து பிளீட் பண்ணினோம். பெடல் கல் மாதிரி நின்றது. ஆனால் அதற்குள் ஒன்றரை நாள் போய்விட்டது, எண்ட்யூரன்ஸில் நாங்கள் இல்லை.

பதவி விஷயமும் உண்டு. இருபது பேர் டீமில் கேப்டன், வைஸ் கேப்டன், பிரேக் ஹெட், ஸ்டியரிங் ஹெட், மார்க்கெட்டிங் ஹெட் என்று ஏகப்பட்ட தலைகள், ஸ்பேனர் பிடிக்க நாலே கைகள். தலைமைப் பண்பு வரும் என்று சொல்லித்தான் பசங்களைச் சேர்க்கிறோம். ஆனால் ஸ்பான்சர் கேட்டு பதினைந்து கம்பெனி வாசலில் நின்றவனும், லேத் கடை அண்ணனிடம் கெஞ்சி மறுநாளே ஷாஃப்ட் வாங்கி வந்தவளும்தான் அதைக் கற்றுக்கொள்கிறார்கள். டீ-ஷர்ட்டில் பதவி அச்சடித்தவர்கள் அல்ல. காஸ்ட் ரிப்போர்ட், டிசைன் பிரசன்டேஷன் இவற்றுக்கும் மார்க் உண்டு. அவற்றை ரயிலில் உட்கார்ந்து எழுதாதீர்கள்.

கடைசியாக, கைமாற்றிக் கொடுப்பது. ஃபைனல் இயர் பிளேஸ்மெண்ட் என்று ஓடிவிடும். சீனியர்கள் எங்களுக்கு விட்டுப்போனது ஒரு ஸ்பேனர் செட்டும் பாஸ்வேர்ட் தெரியாத மெயில் ஐடியும். நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? இரண்டு வருடம் கழித்து ஜூனியர் ஒருவன் போன் பண்ணினான்: "அண்ணா, எத்தனை தடவை பிளீட் பண்ணினாலும் பெடல் அமுங்குது." நிப்பிள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கீழண்ணா" என்றான்.