மலத்தோடு இரத்தம் போனால்: யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்து இறங்கிய கொஞ்ச நாளில் சாப்பாடு மாறும், வெயிலில் உடம்பு வறளும், வயிறு இறுகும். ஒரு நாள் காலையில் இரத்தம் தெரியும். "மூலம்தான், கருணைக்கிழங்கு சாப்பிடுங்கோ" என்பார்கள் அயலவர்கள். என் மாமி எட்டு மாதம் அப்படியே சாப்பிட்டார். கடைசியில் கமராக் குழாய் விட்டுப் பார்த்தால் பெருங்குடலில் சதைக்கட்டி. அதே குழாய் வழியாகவே வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்றைக்குச் சுகமாக இருக்கிறார். ஆனால் அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இப்பவும் நெஞ்சு பதறுகிறது.

"பெரியாஸ்பத்திரி" என்று இங்கே சொல்வது யாழ் போதனா வைத்தியசாலையை. வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், தேவைப்படும்போது சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு எழுதிவிடுவார்கள். "சனல் பண்ணுங்கோ" என்று யாராவது சொன்னால், தனியார் ஆஸ்பத்திரியில் காசு கட்டி நிபுணரிடம் நேரம் எடுப்பது என்று அர்த்தம்.

டொக்டர் முதலில் கேட்பது நிறத்தைத்தான். மலத்தின் மேலே பளிச்சென்ற சிவப்பா, கழித்த பிறகு சொட்டுச் சொட்டாகவா, மலத்தோடு கலந்தா, தார் போலக் கறுப்பா? கறுப்பென்றால் இரைப்பைப் பக்கம் சந்தேகம் போகும். இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால் அதையும் சொல்லுங்கள். அஸ்பிரின், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் மறைக்கவே கூடாது. "வெளிக்குப் போறது எப்படி?" என்று கேட்டால் மலம் கழிப்பதைத்தான் கேட்கிறார். கத்தியால் அறுப்பது போல வலித்தால் பெரும்பாலும் அது ஆசனவாயில் வெடிப்பு. உள்மூலம் வலியில்லாமலே இரத்தம் கசியும், அந்த இடத்தில் வலி உணரும் நரம்பு இல்லை.

பிறகு இடப்பக்கம் சரிந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்கு மடக்கச் சொல்வார். கையுறையில் ஜெல் பூசி ஒரு விரலால் பார்ப்பார். உள்மூலம் அனேகமாக விரலில் தட்டுப்படாது, அதற்குத்தான் விரல் நீளமுள்ள சிறு குழாய், புரொக்டோஸ்கோப். ஒரு சில நிமிட வேலை. பெண்கள் பெண் டொக்டரையோ, பக்கத்தில் ஒரு தாதியையோ கேட்கலாம். தயங்க வேண்டாம்.

மூலம் கண்ணுக்குத் தெரிந்தாலும் அதோடு நிறுத்திவிடாதீர்கள். வயது 45ஐத் தாண்டியிருந்தால், எடை குறைந்தால், மலம் கழிக்கும் வழக்கம் மாறியிருந்தால், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தால், கொலனோஸ்கோபி (மாமிக்குச் செய்தது போலக் கமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) வேணுமா என்று நீங்களே கேளுங்கள். அதற்கு முதல்நாள் மருந்து குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். உண்மையில் சிரமம் அந்த ஒரு இரவுதான். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும் பார்ப்பார்கள்.

இரத்தம் நிற்காமல் போய்த் தலை சுற்றினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் 1990க்கு எடுங்கள். சுவசரிய அம்புலன்ஸ் இலவசம்.