அடிபட்டா நஷ்ட ஈடு கேக்குறது எப்படி? ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து கோர்ட் வரைக்கும்

என் தம்பி ஏ.சி. மெக்கானிக். 2023-ல ஒருநாள் சாயங்காலம் வேலைய முடிச்சுட்டு பைக்ல வீட்டுக்கு வரும்போது பின்னாடி வந்த லோடு வேன் இடிச்சு, வலது கால் முட்டிக்குக் கீழ ரெண்டு எலும்பும் உடைஞ்சு போச்சு. டீக்கடையில நின்னவங்கதான் தூக்கி ஆட்டோல போட்டு ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோனாங்க. அங்க டூட்டில இருந்தவங்க என்னாச்சுன்னு கேக்க, கூட வந்த பையன் பதட்டத்துல "பைக்ல இருந்து விழுந்துட்டாருங்க"ன்னு சொல்லிட்டான். அவ்வளவுதான், ஏ.ஆர். காப்பில (அடிபட்டு வந்தவங்க விவரத்த ஆஸ்பத்திரில எழுதுற விபத்துப் பதிவேட்டோட நகல்) "இருசக்கர வாகனத்திலிருந்து தானாக விழுந்ததாக"ன்னு ஒரு வரி ஏறிடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு கோர்ட்ல இன்சூரன்ஸ் வக்கீல் முதல்ல எடுத்து நீட்டினது அந்த வரியத்தான்.

அந்த ரெண்டு வருஷத்துல நான் அலைஞ்சு கத்துக்கிட்டத புதுசா மாட்டிக்கிறவங்களுக்காக வரிசையா எழுதுறேன். ரோடு ஆக்சிடென்ட் பத்திதான் அதிகமா சொல்லப்போறேன், ஏன்னா நம்ம ஊர்ல முக்கால்வாசி பேருக்கு வர்றது அதுதான்.

ஸ்டெப் 1: எந்த வாசல்ல போய் நிக்கணும்னு பாருங்க

கால் உடைஞ்சது ஒண்ணுதான், ஆனா எங்க எப்படி உடைஞ்சுதுங்கிறத பொறுத்து சட்டமும் மாறும், போக வேண்டிய இடமும் மாறும், டைமும் மாறும்.

வண்டி மோதினா 1988 மோட்டார் வாகனச் சட்டம், போக வேண்டிய இடம் மோட்டார் விபத்து ட்ரிப்யூனல் (தீர்ப்பாயம்). சென்னைல அது ஹைகோர்ட் வளாகத்துக்குள்ள ஸ்மால் காசஸ் கோர்ட்ல நடக்குது, மத்த மாவட்டங்கள்ல ஜில்லா கோர்ட், சப் கோர்ட்லயே நடக்கும்.

வேலை பாக்குற இடத்துல அடிபட்டா யார் தப்புன்னு நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்ல, வேலையால, வேலை நேரத்துல நடந்துதான்னு மட்டும்தான் பாப்பாங்க. 1923-ல இருந்து இதுக்குத் தனியா ஒரு சட்டம் இருந்துச்சு, இப்ப அது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள வந்துருச்சு. சம்பளத்துல இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிற கம்பெனின்னா முதலாளிகிட்ட கேக்க முடியாது, இ.எஸ்.ஐ.லதான் கேக்கணும். கம்பெனி வண்டி ஓட்டும்போது இன்னொரு வண்டி மோதி அடிபட்ட டிரைவர் மாதிரி ரெண்டு பக்கமும் உரிமை இருக்கிறவங்க ஏதாவது ஒண்ணத்தான் தேர்ந்தெடுக்கலாம், ரெண்டுலயும் வாங்க முடியாது. அதனால அவசரப்பட்டு முதல்ல கண்ணுல பட்டதுல மனு போட்டுறாதீங்க, ரெண்டுலயும் எவ்வளவு வரும்னு கணக்கு பாத்துட்டு போடுங்க.

டாக்டரோட கவனக்குறைவுன்னா நுகர்வோர் ஆணையம், 2 வருஷத்துக்குள்ள போகணும். காசு குடுத்து வாங்குற சிகிச்சையும் ஒரு சேவைதான்னு சுப்ரீம் கோர்ட் 1995-ல சாந்தா வழக்குல சொன்னதுக்கு அப்புறம்தான் இந்த வழி தெளிவாச்சு. எல்லாருக்குமே இலவசமா பாக்குற கவர்மென்ட் ஆஸ்பத்திரின்னா இந்த வழி கிடையாது, சிவில் கோர்ட் இல்லனா ஹைகோர்ட்தான்.

ரயில்ல இருந்து விழுந்தா ரயில்வே கிளெய்ம்ஸ் ட்ரிப்யூனல், 1 வருஷம். டிக்கெட்ட பத்திரமா வைங்க, அது இல்லாம பயணின்னு காட்டுறது பெரும்பாடு. அறுந்து கிடந்த கரன்ட் கம்பிய மிதிச்சு அடிபட்டா மின்வாரியம் "எங்க தப்பு இல்ல"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு 2002-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு.

ஸ்டெப் 2: ஆஸ்பத்திரில என்ன எழுதுறாங்கன்னு பக்கத்துல நின்னு பாருங்க

முதல்ல உயிர் முக்கியம், அதுல மாத்துக் கருத்தே இல்ல. தமிழ்நாட்டுல இன்னுயிர் காப்போம் திட்டத்துல சேர்ந்திருக்கிற ஆஸ்பத்திரின்னா முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு காசு கட்ட வேண்டாம், பிரைவேட்டா இருந்தாலும் திட்டத்துல இருக்கீங்களான்னு தைரியமா கேளுங்க.

அது கூடவே, யார் கூட்டிட்டுப் போனாலும் டூட்டி டாக்டர்கிட்ட மூணு விஷயம் சொல்லணும்: எந்த இடம், எத்தனை மணி, எந்த வண்டி எந்தப் பக்கத்துல இருந்து மோதுச்சு. வண்டி நம்பர் தெரியலனா "அடையாளம் தெரியாத வேன் மோதி"ன்னாவது எழுதச் சொல்லுங்க. தயவுசெஞ்சு "விழுந்துட்டாரு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க, அந்த ஒரு வார்த்தைதான் எங்கள ரெண்டு வருஷம் அலைய விட்டுச்சு.

ஸ்டெப் 3: எஃப்.ஐ.ஆர்.

எங்க நடந்துதோ அந்த ஸ்டேஷன்ல புகார். சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கினதுக்கு மட்டும் குடுக்குற சீட்டு) குடுத்து அனுப்பினா அதோட திரும்பாதீங்க, எஃப்.ஐ.ஆர். வேணும். மோதின வண்டிக்காரர் ஸ்டேஷன் வாசல்லயே வந்து "ஆஸ்பத்திரி செலவு நான் பாத்துக்குறேன், கேஸ் வேணாம்"னு கெஞ்சுவாரு. மனசு இளகும்தான், ஆனா பணம் அவர் பாக்கெட்ல இருந்து போகப்போறது இல்ல, இன்சூரன்ஸ் கம்பெனிதான் குடுக்கப்போகுது. கேஸ் இல்லனா அந்த கம்பெனி கிட்ட காசு வாங்குறது ரொம்பக் கஷ்டம்.

அடுத்தது எம்.வி.ஐ. ரிப்போர்ட். மோட்டார் வாகன ஆய்வாளர் ரெண்டு வண்டியையும் பாத்துட்டு எங்க எங்க சேதம்னு எழுதுவாரு. எங்க கேஸ காப்பாத்தினது இதுதான். தம்பி பைக்குல பின்பக்க மட்கார்டு உள்ள மடங்கி, டெயில் லேம்ப் சில்லு சில்லா போயிருந்துச்சு, வேன்ல முன்பக்கம் இடது ஓரம் பம்பர் அமுங்கி பைக்கோட சிவப்பு பெயின்ட் ஒட்டியிருந்துச்சு. தானா விழுந்த பைக்குக்கு பின்பக்கம் எப்படி மடங்கும்? எங்க வக்கீல் அத மட்டும்தான் கேட்டாரு. டீக்கடைக்காரரும் வந்து சாட்சி சொன்னாரு. அதனால வண்டிய நிப்பாட்டின இடத்துலயே நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்குங்க, எம்.வி.ஐ. பாக்குற வரைக்கும் மெக்கானிக் ஷாப்புக்கு அனுப்பாதீங்க.

இந்த ட்ரிப்யூனல்ல கிரிமினல் கேஸ் மாதிரி துளி சந்தேகமில்லாம நிரூபிக்கணும்னு கட்டாயம் இல்ல, இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு தெரிஞ்சாலே போதும்.

ஸ்டெப் 4: ஃபைல் போடுங்க

ஒரு ஃபைல் வாங்கி எஃப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்துக்கடை பில் (சின்ன பில்லும்), மோதின வண்டியோட ஆர்.சி., இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் ஜெராக்ஸ், சம்பளத்துக்கு ஏதாவது ஆதாரம் எல்லாம் அதுல சேருங்க. தெர்மல் பேப்பர் பில் ஆறு மாசத்துல வெளுத்துடும், உடனே ஜெராக்ஸ் போட்டுடுங்க. தம்பிக்கு சம்பளச் சீட்டு கிடையாது, கஸ்டமருங்க ஜிபேல அனுப்பின பணம் பேங்க் ஸ்டேட்மென்ட்ல வந்திருந்தது, அதத்தான் காட்டினோம்.

ஸ்டெப் 5: மனு போடுறது, எத்தனை நாளைக்குள்ள

2022 ஏப்ரல் 1-ல இருந்து சட்டத்துல 6 மாசம்னு இருக்கு. எலும்பு சேரட்டும், பிளேட் எடுத்துட்டு அப்புறம் பாக்கலாம்னு உக்காந்திருந்தா அதுக்குள்ள 6 மாசம் ஓடிடும். சிகிச்சை நடக்கும்போதே மனு போடலாம், பில்ல எல்லாம் பின்னாடி குடுத்துக்கலாம். ஆக்சிடென்ட் நடந்த ஊர்லதான்னு இல்ல, உங்க வீடு இருக்கிற ஊர் கோர்ட்லயே போடலாம். மனுவுக்கு எம்.சி.ஓ.பி. நம்பர்னு ஒரு வழக்கு எண் விழும், அத எழுதி வச்சுக்குங்க.

மனுல ரெண்டு விதம் இருக்கு. 166-வது பிரிவுன்னா எதிர் வண்டி மேல தப்புன்னு காட்டணும், தொகைக்கு மேல்வரம்பு கிடையாது. 164-ன்னா தப்பே காட்ட வேண்டாம், ஆனா இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், அதோட முடிஞ்சுது. எவ்வளவு இழப்புன்னு தெரியாம சின்னத் தொகைக்கு தலையாட்டிடாதீங்க, 164-ல பணத்த வாங்கிட்டா 166 மனு அதோட போயிடும்.

இடிச்சுட்டு நிக்காம போன வண்டி கிடைக்கவே இல்லனா இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 அரசு திட்டத்துல உண்டு. தாலுகா ஆபீஸ், இல்லனா வருவாய்த்துறை ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேக்கணும், லைசென்ஸ் குடுக்குற ஆர்.டி.ஓ. வேற.

நிறைய பேர் ஏமாந்து போற இடம் ஒண்ணு இருக்கு. தப்பு நம்ம வண்டி மேலதான்னா, பின்னாடி உக்காந்து வந்த மனைவிக்கோ நண்பருக்கோ வெறும் தேர்டு பார்ட்டி பாலிசில காசு வராது, பேக்கேஜ் பாலிசி (முழுக் காப்பீடு) இருந்தாத்தான் வரும். ஓட்டின ஓனருக்குன்னா தனியா கட்டுற 15 லட்ச தனிநபர் விபத்துக் காப்பீடு மட்டும்தான். உங்க பாலிசிய இப்பவே எடுத்து அந்த வரிய தேடிப் பாருங்க.

ஸ்டெப் 6: தொகை எப்படி வருது

மருந்து, ஆபரேஷன், போக்குவரத்து, வேலைக்குப் போகாத மாசங்கள், வலிக்கு ஒரு தொகை, இதெல்லாம் தனித்தனி. பெரிய தொகை வர்றது வருங்கால வருமான இழப்புலதான். வயச வச்சு ஒரு பெருக்கு எண் இருக்கு, 2009 சர்லா வர்மா தீர்ப்புல குடுத்தது: 25 வயசு வரைக்கும் 18, 31-ல இருந்து 35-க்கு 16, 46-ல இருந்து 50-க்கு 13, இப்படி குறைஞ்சுட்டே போகும். 40 வயசுக்குக் கீழ சொந்தத் தொழில்னா வருமானத்தோட 40 சதவீதம் கூட்டிக்கணும்னு 2017 பிரணய் சேத்தி தீர்ப்பு சொல்லுது.

32 வயசு, மாசம் 15,000 வருமானம், சம்பாதிக்கிற சக்தில 20 சதவீதம் போயிடுச்சுன்னு வைங்க. 15,000-ல 40 சதவீதம் கூட்டினா 21,000. 12-ஆல பெருக்கினா 2,52,000. அத 16-ஆல பெருக்கி 20 சதவீதம் எடுத்தா 8,06,400.

இதுல அந்த 20 எங்க இருந்து வந்துதுங்கிறதுதான் சண்டையே. மெடிக்கல் போர்டு சர்டிபிகேட்ல இருக்கிற சதவீதம் வேற, சம்பாத்தியத்துல விழுந்த சதவீதம் வேற. 2010 ராஜ்குமார் தீர்ப்புல இத அழகா சொல்லியிருக்காங்க: இடது கை போன டிரைவருக்கோ தச்சருக்கோ பொழப்பு முழுசாவே போச்சு, அதே கை போன கவர்மென்ட் கிளார்க் வேலைல தொடரலாம். அதனால உங்க வேலைல உடம்ப எப்படி உபயோகிக்கிறீங்கன்னு ஜட்ஜுக்குப் புரியுற மாதிரி சாட்சி சொல்லணும். தம்பி கூண்டுல ஏறி, "ஸ்பிளிட் ஏ.சி. அவுட்டோர் யூனிட்ட தூக்கிட்டு ஏணில நாலு படி ஏறினா கால் நடுங்குதுங்கய்யா, இப்ப நான் கீழ நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுக்குற வேலைதான் பாக்குறேன்"னு சொன்னான். எந்த சர்டிபிகேட்லயும் இது இல்ல.

ஸ்டெப் 7: சமரசம், பணம், அப்பீல்

லோக் அதாலத்ல (மக்கள் நீதிமன்றம்) பேசி முடிச்சா சீக்கிரம் கிடைக்கும், ஆனா அங்க கையெழுத்து போட்டா அப்பீல் கிடையாது, அதனால மேல சொன்ன கணக்க ஒரு துண்டுச் சீட்டுல போட்டு பாக்கெட்ல வச்சுக்கிட்டுப் போங்க. ஆஸ்பத்திரி வராண்டாலயே வந்து எதுவும் எழுதாத வக்காலத்து (வக்கீல நியமிக்கிற பத்திரம்) நீட்டி கையெழுத்து கேக்குற ஏஜென்ட்டுங்க கிட்ட போடவே போடாதீங்க. வக்கீலுக்குக் காசு இல்லனா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல இலவசமா கிடைக்கும், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு கூட பாக்க மாட்டாங்க. 15100-க்கு போன் போட்டா வழி சொல்லுவாங்க.

தீர்ப்பு வந்தா தொகையோட மனு போட்ட நாள்ல இருந்து வட்டியும் சேரும், நம்ம பக்கம் வழக்கமா 7.5 சதவீதம் போடுறாங்க. பணம் கம்மின்னு தோணினா 90 நாளைக்குள்ள ஹைகோர்ட்ல அப்பீல் போடலாம். சர்டிஃபைடு காப்பிக்கு தீர்ப்பு வந்த அன்னைக்கே மனு குடுத்துடுங்க, அது கைக்கு வர்றதுக்கே சில வாரம் ஆகும்.