கைதிக் கப்பல் மருத்துவரின் குறிப்பேட்டை எப்படிப் படிப்பது

ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை ஏற்றிச் சென்ற பிரிட்டிஷ் கப்பல்களில் என்ன நோய் வந்தது, என்ன வைத்தியம் நடந்தது என்று தேடுகிறவர்களுக்குக் கிடைக்கிற முதல் ஆவணம் கப்பல் மருத்துவரின் குறிப்பேடு. கையில் கிடைத்ததும் பலரும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்ச் சாவுகளை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை சரியாகவே இருக்கும், அதிலிருந்து எடுக்கும் முடிவு தப்பிப்போகும். குறிப்பேட்டை எழுதியவர் அரசு நியமித்த ஆள். அவருடைய வேலைக்கு அத்தாட்சியும் அதுவே. அதை மனதில் வைத்துக்கொண்டால்தான் எந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எதைச் சரிபார்க்க வேண்டும் என்று பிடிபடும்.

முதல் வேலை, கப்பல் புறப்பட்ட ஆண்டைப் பாருங்கள். 1787 மே மாதம் போர்ட்ஸ்மத்தை விட்டுக் கிளம்பிய முதல் தொகுதியின் 11 கப்பல்களுக்கு ஜான் வைட் தலைமை மருத்துவர். புறப்படுமுன்பே கைதிகளுக்குப் புது இறைச்சியும் காய்கறியும் வேண்டுமென்று கேட்டு வாங்கினார். அவ்வளவு நீண்ட பயணத்துக்குச் சாவு குறைவு. 1790இல் போய்ச் சேர்ந்த இரண்டாம் தொகுதியில் நெப்டியூன், சர்ப்ரைஸ், ஸ்கார்பரோ என்ற மூன்று கப்பல்களில் ஏறிய சுமார் ஆயிரம் பேரில் ஏறத்தாழ கால்பங்கு கடலிலேயே செத்தார்கள். காரணத்தைக் கணக்குப் புத்தகத்தில் தேட வேண்டும். அடிமை வணிகத்தில் இருந்த ஒப்பந்தக்காரர்களுக்கு ஏற்றிய தலைக்கு 17 பவுண்டு 7 ஷில்லிங் 6 பென்ஸ் என்று பேச்சு. உயிரோடு இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அதே காசு, செத்தவன் பங்குச் சாப்பாடு மிச்சம். பிறகு ஒப்பந்தத்தை மாற்றினார்கள்: ஹில்ஸ்பரோ என்ற கப்பலுக்கு, ஏற்றும்போது தலைக்கு 18 பவுண்டு, நலமாக இறங்கும் ஒவ்வொருவருக்கும் மேற்கொண்டு 4 பவுண்டு 10 ஷில்லிங் 6 பென்ஸ். இருந்தும் 1798-99 பயணத்தில் 300 பேரில் 95 பேரை, பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சல் கொண்டுபோனது. காசுக்குப் பேனைத் தடுக்கத் தெரியாது.

அடுத்த திருப்பம் 1814. ஜெனரல் ஹெவிட், த்ரீ பீஸ், சர்ரி ஆகிய மூன்று கப்பல்கள் நோயோடு சிட்னி வந்து சேர, ஆளுநர் மக்குவாரி விசாரிக்கச் சொன்னது வில்லியம் ரெட்ஃபெர்னை. அவரே 1797 நோர் கடற்படைக் கலகத்தில் தண்டனை பெற்றுக் கைதியாக வந்த மருத்துவர். துணி, காற்றோட்டம், தளத்துக்கு ஏறும் நேரம், ஒயின், எலுமிச்சைச் சாறு என்று ஒவ்வொன்றாக எழுதி, மருத்துவரை அரசே நியமிக்க வேண்டும், கப்பல் தலைவனுக்கு அடங்காத அதிகாரம் அவருக்கு வேண்டும் என்றார். 1815 முதல் கடற்படை மருத்துவர்களே கண்காணிப்பாளராக ஏறினார்கள். நம் கைக்குக் கிடைக்கும் குறிப்பேடுகள் பெரும்பாலும் இதற்குப் பிந்தியவை. அதை வைத்து 1790களைப் பற்றி எழுதாதீர்கள்; அடிக்கடி நடக்கிற தவறு இது.

எங்கே கிடைக்கும்? லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏடிஎம் 101 (ADM 101) என்ற வரிசை. அட்டவணையிலேயே பல குறிப்பேடுகளுக்கு நோயாளி பெயர், வயது, நோய் வரை விவரம் ஏற்றியிருக்கிறார்கள். ஆஸ்திரேலிய கூட்டு நகலெடுப்புத் திட்டத்தில் படமெடுத்த பக்கங்கள் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் இலவசம். கப்பல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள், ஒரே கப்பல் பலமுறை போயிருக்கும். பெயர், ஆண்டு, மருத்துவர் மூன்றும் பொருந்தினால்தான் அது உங்கள் பயணம்.

குறிப்பேட்டில் வழக்கமாக நான்கு பகுதிகள் இருக்கும்: நோயாளிப் பட்டியல், தனித்தனி நோய்க்குறிப்புகள், நோய்வாரியான தொகைச் சுருக்கம், பொதுக் கருத்துகள். கடைசியிலிருந்து படியுங்கள். பொதுக் கருத்தில் மருத்துவர் எதைப் பெருமையாகச் சொல்கிறார், எதற்குச் சமாதானம் சொல்கிறார் என்று குறித்துக்கொண்டு, பிறகு முன்னால் வந்து தனிக்குறிப்புகளோடு ஒப்பிடுங்கள். 'சிறைத்தளம் எப்போதும் உலர்ந்தே இருந்தது' என்று பின்னால் எழுதிய அதே கை, முன்னால் ஜூலை மாதக் குறிப்பில் படுக்கைகள் நனைந்ததை எழுதியிருக்கும்.

இனி கையெழுத்து. எடைக் குறிகள் புரியாமல் மருந்துப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள், பத்து நிமிடத்தில் பழகிவிடும். 3 போலத் தெரிவது டிராம். அதன் தலையில் இன்னொரு வளைவு ஏறியிருந்தால் அவுன்ஸ். எண்கள் சிறிய ரோமன் எழுத்தில், குறிக்குப் பின்னால் வரும். கடைசி ஒன்றுக்கு வால் நீண்டிருக்கும், அதை வேறு எழுத்தாக எண்ண வேண்டாம். 'எஸ்எஸ்' என்றால் அரை. 20 கிரெயின் ஒரு ஸ்க்ரூப்பிள், 3 ஸ்க்ரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். டிராமை அவுன்ஸாகப் படித்தால் மருந்து எட்டு மடங்காகி, பாவம் அந்த மருத்துவர் உங்கள் கட்டுரையில் கொலைகாரராகிவிடுவார்.

பயிற்சிக்கு ஒரு பதிவைப் பிரித்துப் பார்ப்போம். இது நடையைக் காட்ட இங்கே கட்டிய மாதிரி, எந்தக் கப்பலுடையதும் இல்லை:

"வயது 24, கைதி. சைனோக்கஸ். ஜூன் 3: இரவு முழுக்கக் குளிர் நடுக்கம், தலைவலி, நாக்கில் வெண்படிவு, நாடி 110. வி.எஸ். 16 அவுன்ஸ். காலமெல் 5 கிரெயின், ஜாலப் 15, உடனே. எச்.எஸ். டோவர் பொடி 10. ஜூன் 5 முதல் 10 வரை: காலமெல் 3 கிரெயின், காலை மாலை. ஜூன் 12: ஈறு வீங்கி வலி, வாய் நாற்றம், எச்சில் ஊறுகிறது. ஜூன் 19: குணம்."

'வி.எஸ்.' ரத்தம் இறக்குதல். 16 அவுன்ஸ் ஏறத்தாழ அரை லிட்டர். 'எச்.எஸ்.' படுக்கப்போகும் நேரம். ஜாலப் பேதி மருந்து. டோவர் பொடி 10 கிரெயினில் அபின் ஒரு கிரெயின், வாந்தி வரவழைக்கும் இபிகாக் ஒரு கிரெயின். காலமெல் பாதரச உப்பு. கூட்டிப் பாருங்கள்: முதல் நாள் 5, பிறகு ஆறு நாள் தினம் 6, மொத்தம் 41 கிரெயின், இரண்டரை கிராமுக்கு மேல். இதைக் கூட்டாமல் ஜூன் 12ஆம் தேதிக் குறிப்பைத் தனியாகப் படிக்கிறவர் 'ஈறு வீக்கம், ஸ்கர்வி' (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) என்று எழுதிவிடுவார். இது பாதரசம் செய்த வேலை. அன்றைய மருத்துவர் எச்சில் ஊறினால் மருந்து பிடித்துவிட்டது என்றே மகிழ்வார்.

ஸ்கர்வி வந்தால் அடையாளம் வேறு: கெண்டைக்கால் இறுகும், தோலில் ஊதா நிறத் திட்டு, ஆறிப்போன பழைய புண் திரும்பத் திறக்கும், ஆள் அசந்து கிடப்பான். கரையை விட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து, ஒரே வாரத்தில் பலருக்குச் சேர்ந்து வரும். மருந்து சாப்பிட்ட ஒருவனுக்கு மட்டும் ஈறு வீங்கியிருந்தால் மருந்தைச் சந்தேகியுங்கள். சாப்பிடாத பத்துப் பேருக்கு வீங்கியிருந்தால் உணவைச் சந்தேகியுங்கள். எலுமிச்சைச் சாறு நாளுக்கு ஓர் அவுன்ஸ், அதே அளவு சர்க்கரையோடு, கடலில் சில வாரம் கழிந்தபின் தொடங்குவது வழக்கம். தொடங்கிய தேதியும் இடையில் நின்ற தேதியும் எழுதியிருக்கிறதா பாருங்கள். சிலர் வெடியுப்பை வினிகரில் கரைத்துக் கொடுத்துக் குணமானதாக எழுதினார்கள். அதே நாட்களில் எலுமிச்சைச் சாறோ துறைமுகத்துப் புதுக் காய்கறியோ கிடைத்ததா என்று பார்க்காமல் வெடியுப்புக்குப் பேர் கொடுத்துவிட வேண்டாம். ஸ்கர்வி படுக்கையோடு நிற்காத நோய் என்பதற்கு மூன்றாம் ஜார்ஜ் கப்பல் சாட்சி. நடுவழியில் தீப்பிடித்து உணவு கொஞ்சம் அழிந்தது, பங்கு குறைந்தது, கைதிகளுக்கு ஸ்கர்வி கண்டது. சீக்கிரம் ஹோபார்ட் சேர வேண்டுமென்று குறுக்கே கால்வாய் வழியாக நுழைந்து, 1835 ஏப்ரல் 12 அன்று பாறையில் மோதியது. இறந்தவர்கள் 130க்கும் மேல், கிட்டத்தட்ட எல்லோரும் கைதிகள்.

நோய்ப் பெயர்களை இன்றைய பெயருக்கு மாற்றும்போது நிதானம் வேண்டும். பெரும்பாலோர் ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லனின் நோய் வகைப்பாட்டைப் பின்பற்றினார்கள். அதில் சைனோக்கஸ் என்பது கொதிப்பாகத் தொடங்கித் தளர்ச்சியில் முடியும் கலப்புக் காய்ச்சல், ஒரு கிருமியின் பெயர் அல்ல. டைபஸையும் டைபாய்டையும் வில்லியம் ஜென்னர் பிரித்துக் காட்டியது 1850ஐ ஒட்டித்தான். அதற்கு முந்திய 'டைபஸ்' இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். 'காலரா மோர்பஸ்' என்பது, பிரிட்டனுக்குக் கொள்ளைநோய்க் காலரா வந்த 1831க்கு முன் வந்தால் பெரும்பாலும் சாதாரண வாந்திபேதி. 'தைசிஸ்' அநேகமாகக் காசநோய். மாலைக்கண்ணுக்கு ஹெமரலோபியா, நிக்டலோபியா என்ற இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள், ஆகவே பெயரை விட்டுவிட்டு இருட்டில் தெரியவில்லையா பகலில் தெரியவில்லையா என்ற விவரிப்பைப் பிடியுங்கள். உங்கள் அட்டவணையில் மூலப்பெயருக்கு ஒரு பத்தி, உங்கள் ஊகத்துக்கு ஒரு பத்தி என்று தனித்தனியாக வையுங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் கப்பல் அன்று எங்கே இருந்தது என்று எழுதுங்கள். தெற்கே போகப் போக நோய் நிறம் மாறும். முதல் வாரங்களில் கடல் மயக்கமும் மலச்சிக்கலும். வெப்பமண்டலத்தில் காற்று செத்துக் கிடக்கும்போது பேதி, வேர்க்குரு, தலைவலி. தென்கடலின் குளிரில் அலை ஏறி வர, படிவாசலை மூடிவிடுவார்கள். சளி, மூட்டுவலி, மார்வலி, கூடவே ஸ்கர்வி. கீழே இருந்த இடத்தை நினைத்துப் பாருங்கள்: ஆறடிக்கு ஆறடிப் படுக்கையில் நான்கு பேர், தலைக்கு 18 அங்குலம். தளத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதா, உலர்ந்த கல்லும் மணலும் போட்டுத் தேய்ப்பதா என்பது மருத்துவர்களுக்குள் பெரிய விவாதம். ஈரம் காயாது என்பதால் உலர்தேய்ப்பே நல்லது என்றார்கள் பலர். உலர்த்த அடுப்பு தொங்கவிட்டது, காற்றிறக்கும் பாய் கட்டியது, பிளீச்சிங் பவுடர் தெளித்தது ஆகிய வரிகளைத் தேதியோடு எடுத்து நோய்ப் பட்டியலுக்குப் பக்கத்தில் வையுங்கள். பெரும்பாலும் நோய் ஏறிய பிறகே அடுப்பு இறங்கியிருக்கும்.

எண்ணும்போது மூன்று இடத்தில் சறுக்கும். பதிவும் ஆளும் ஒன்றல்ல, ஒரே ஆள் மூன்று முறை பட்டியலில் ஏறுவான். சிறு தொல்லைக்கு மருந்து வாங்கிப்போனவனைப் பட்டியலில் சேர்க்காத மருத்துவரும் உண்டு, தும்மியவனையெல்லாம் சேர்த்தவரும் உண்டு; எனவே இரண்டு கப்பலின் நோயாளித் தொகையை அப்படியே ஒப்பிட முடியாது. சாவை ஒப்பிடலாம், அதையும் பயண நாளால் வகுத்து. 200 பேர், 115 நாள், 3 சாவு என்றால் ஆள்நாள் 23,000. மூன்றை 23,000ஆல் வகுத்து, 30ஆலும் 1000ஆலும் பெருக்கினால், ஆயிரம் பேருக்கு மாதம் 3.9. பெண்கள் கப்பலானால் குழந்தைகளைத் தனியாக எண்ணுங்கள். கைக்குழந்தைகளின் பேதிச்சாவு கைதிகள் தொகையில் வராமலே போகும்.

குறைந்த சாவு எண்ணைப் பார்த்ததும் மருத்துவரைப் பாராட்டுவதற்கு முன், ஏற்றிய நாளின் பக்கத்துக்குப் போங்கள். வூல்விச், ஷீர்னெஸ், போர்ட்ஸ்மத்தில் நின்ற சிறைக்கப்பல்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். அங்கிருப்பவர்களுக்கு நோயாளியைத் தள்ளிவிட ஆசை. கைதிக்கும் அந்த நரகத்தைவிட்டுத் தப்ப ஆசை, இருமலை அடக்கிக்கொண்டு நிற்பான். எத்தனை பேரை மருத்துவர் திருப்பி அனுப்பினார் என்பது இங்கே இருக்கும். கண்டிப்பாகக் கழித்தவரின் கப்பலில் சாவு குறைவாகத்தான் இருக்கும்.

மறுமுனையில், கணக்கு நங்கூரம் போட்டதோடு முடிந்துவிடும். 'மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்' என்ற வரி வந்தால் பெயரைக் குறித்துக்கொண்டு காலனியின் மருத்துவமனை, அடக்கப் பதிவுகளில் தேடுங்கள். இரண்டாம் தொகுதியில் கரையேறிய பின்னும் நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். கடற்சாவில் அவர்கள் வரமாட்டார்கள். கைதிகள் வந்திறங்கும்போது எடுத்த பெயர்ப்பட்டியலையும், சிட்னியில் கப்பலிலேயே வைத்து நடத்திய வரிசை விசாரணையையும் சேர்த்துப் பாருங்கள். சாப்பாட்டுப் பங்கு ஒழுங்காகக் கிடைத்ததா என்று கைதிகளிடம் அப்போது கேட்பார்கள். மருத்துவரும் கப்பல் தலைவனும் பக்கத்திலேயே நிற்கும்போது வந்த பதில் அது என்பதால், 'புகார் இல்லை' என்ற வரியைவிட, யாராவது வாய்திறந்து சொன்ன ஒரே ஒரு புகாருக்குக் கூடுதல் இடம் கொடுங்கள்.