லாரி ஓடும் ரோட்டோரம் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பது எப்படி?

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் கொல்லம் ரோட்டில் லாரி ஓயாது. வைக்கோல், காய்கறி, ஜல்லி என்று கேரளாவுக்குப் போகிற சரக்கு நிறைய இந்த வழியில் மலையேறுகிறது. இந்த ரோட்டை ஒட்டிக் குடியிருந்து, முதல்முறையாக நாய் வளர்க்கிறவர்களுக்காக எழுதுகிறேன். வண்டிச் சத்தம் கேட்கிற தூரத்தில் நாயை அவிழ்த்துவிடவே கூடாது என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல வந்தது. நன்றாகச் சொல்பேச்சு கேட்கிற நாய்தான். ஆனால் எதிர்ப்பக்கம் ஒரு பூனை ஓடிவிட்டால் அந்த நேரத்தில் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது.

1. முதலில் பெல்ட்டைச் சரிபாருங்கள்

கழுத்து பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையவேண்டும். அதற்குமேல் இடம் இருந்தால் கழன்றுவிடும். பெல்ட்டை மாட்டியபின் நாய்க்கு எதிரே நின்று கயிற்றை மெதுவாக உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள். பயந்த நாய் பின்னால் நகர்ந்துதான் தலையை உருவும், அதனால் முன்னாலிருந்து இழுத்துப் பார்த்தால்தான் பெல்ட்டின் லட்சணம் தெரியும்.

நம் பக்கம் சிப்பிப்பாறை, கன்னி என்ற நாட்டு வேட்டைநாய்களை வளர்க்கிறவர்கள் நிறைய. இந்த நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்து நீளம். கடையில் கிடைக்கும் சாதாரண பெல்ட் காதைத் தாண்டி வழுக்கி வந்துவிடும். அகலமான பெல்ட்டாக வாங்குங்கள், இல்லையென்றால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் போடுங்கள். ஓடுகிற எதையும் துரத்துவது இவற்றின் ரத்தத்திலேயே உள்ளது. ரோட்டோரத்தில் இவற்றை நம்பி விடவே முடியாது.

கயிறு நான்கிலிருந்து ஆறு அடி போதும். பட்டனை அமுக்கினால் நீளும் சுருள் கயிறு ரோட்டுக்கு ஆகாது. நீங்கள் ஓரத்தில் நிற்க, நாய் நடு ரோட்டில் நிற்கும். இரும்புச் செயினும் கையில் நிற்காது, இழுத்தால் தோலைக் கிழித்துவிடும். கயிற்றின் வளையத்துக்குள் கட்டைவிரலை விட்டு, மிச்சத்தை மடித்து உள்ளங்கையில் பிடியுங்கள். மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பெரிய நாய் பாய்ந்தால் கூடவே நீங்களும் விழுவீர்கள்.

2. ரோட்டுக்கு முன் முற்றம்

முற்றத்திலோ மொட்டைமாடியிலோ பழக்கவேண்டியவை மூன்று: பேர் சொன்னால் திரும்பிப் பார்ப்பது, "நில்" என்றால் நிற்பது, "வா" என்றால் வருவது. ஒவ்வொரு முறையும் சொன்னபடி செய்ததும் வேகவைத்த கோழித் துண்டோ, முட்டையோ கொஞ்சம் கொடுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தவேண்டும். அப்பா "நில்லு", தம்பி "ஸ்டாப்", பாட்டி "ஏய்" என்று ஆளுக்கொன்று சொன்னால் நாய்க்கு எதுவும் பிடிபடாது. கேட்டைத் திறந்ததும் பாயாமல், உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கப் பழகிய பிறகு ரோட்டுப் பக்கம் போகலாம்.

3. லாரிச் சத்தத்தைப் பழக்குங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். ஏர் ஹாரன் சத்தத்தில் மிரண்ட நாய் எந்தப் பக்கம் ஓடும் என்று யாராலும் சொல்லமுடியாது. முதலில் ரோடு தெரிகிற, ஆனால் நாய் பதறாத தூரத்தில் நில்லுங்கள். வாய்க்கால் கரையோ, பக்கத்துத் தெருமுனையோ போதும். லாரி வரும்போது தீனி, போனதும் நிறுத்தம். நாய் தின்ன மறுத்தால், வாலை ஒடுக்கினால், காதைப் பின்னால் மடித்தால் தூரம் போதவில்லை, இன்னும் தள்ளிப் போங்கள். லாரியைப் பார்த்ததும் அது உங்கள் கையைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் சில அடி முன்னேறவேண்டும். சில நாய்க்கு ஒரு வாரம், சில நாய்க்கு ஒரு மாதம். அவசரப்படாதீர்கள், திட்டாதீர்கள்.

4. எந்தப் பக்கம் நடப்பது

நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போகும். அதனால் நடைபாதை இல்லாத ரோட்டில் நீங்கள் வலது ஓரமாக நடந்தால், ஓரத்தை ஒட்டி வரும் வண்டி உங்களுக்கு எதிரே வரும், கண்ணால் பார்க்கலாம். நாய் உங்களுக்கு வலப்பக்கம், மண் தரையில் நடக்கவேண்டும். வண்டிக்கும் நாய்க்கும் நடுவே எப்போதும் நீங்கள் இருக்கவேண்டும். நாயை இடப்பக்கம் நடத்துவதுதான் பொதுவான பழக்கம் என்பதால் வலப்பக்கத்தைத் தனியாகப் பழக்கவேண்டியிருக்கும்.

வளைவில் மட்டும் கணக்கு மாறும். உள்வளைவில் நடக்கிறவரை டிரைவரால் கடைசி நொடிவரை பார்க்கமுடியாது. முன்னதாகவே எதிர்ப்பக்கம் மாறிக்கொள்ளுங்கள். புளியரை எஸ் வளைவு, அதற்குமேல் கோட்டைவாசல் ஏற்றம் போன்ற இடங்களில் எந்தப் பக்கமும் பாதுகாப்பில்லை, அங்கே நாயோடு நடக்கவேண்டாம். நின்றிருக்கும் லாரிக்கு முன்னால் கடப்பதும் கூடாது. கேபின் உயரம், வண்டிக்கு நேர் கீழே நிற்கும் நாய் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது.

ரோட்டைக் கடக்கும்போது கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, ஒவ்வொரு முறையும் ஓரத்தில் உட்காரவைத்துப் பிறகு கடவுங்கள். ரோடு காலியாக இருந்தாலும்தான்.

5. நேரம் பார்த்துப் போங்கள்

விடிந்து வெளிச்சம் வந்தபின் போவது நல்லது. பங்குனி, சித்திரை வெயிலில் புறங்கையைத் தாரில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். சாரல் காலத்தில் குற்றாலம் வரும் வண்டிகள், கார்த்திகையிலிருந்து தை வரை அச்சன்கோவில், ஆரியங்காவு, சபரிமலை போகும் வண்டிகள். அந்த மாதங்களில் மெயின் ரோட்டை விட்டு உள்தெருவுக்கு மாறிவிடுங்கள். இருட்டில் போயே ஆகவேண்டுமென்றால் நாய்க்கும் உங்களுக்கும் ஒளி மின்னும் பட்டை, கையில் டார்ச்.

6. தெருநாய் எதிர்ப்பட்டால்

ஓடாதீர்கள், கயிற்றை இறுக்கி இழுக்காதீர்கள், நாயைத் தூக்காதீர்கள். பேசாமல் வளைந்து தள்ளிப் போங்கள், ஆனால் ரோட்டின் நடுப்பக்கமாக வளையாதீர்கள். வந்த வழியே திரும்புவது எவ்வளவோ மேல். வெறிநாய்த் தடுப்பூசி போடாத குட்டியை வெளியே நடத்தவே கூடாது. உங்களைக் கடித்துவிட்டால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

7. அவிழ்த்துவிட ஆசையா?

பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்த வயலைப் பார்த்தால் எல்லோருக்கும் வரும் ஆசை இது. முதலில் 30 அடி நைலான் கயிற்றைக் கட்டி, தூரத்திலிருந்து "வா" என்று கூப்பிட்டுப் பழக்குங்கள். ஆடோ கொக்கோ கண்ணெதிரே இருக்கும்போதும் வந்தால்தான் அடுத்த பேச்சு. அப்போதும் சுற்றுச்சுவரோ வேலியோ உள்ள தோப்பில் மட்டும், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு. மலையடிவாரத்தில் பன்றி வரும், சிறுத்தை வரும், பயிருக்கு மின்வேலி போட்டிருப்பார்கள். மயிலைத் துரத்திக் கொன்றால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாயால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கடுங்காயமோ வராதபடி கவனிக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

8. கயிறு கையை விட்டுப் போனால்

துரத்தாதீர்கள். நீங்கள் ஓடினால் அது விளையாட்டென்று நினைத்து இன்னும் வேகமாக ஓடும். ரோட்டுக்கு எதிர்த்திசையில் நாலு எட்டு ஓடி, குனிந்து உட்கார்ந்து, சந்தோஷமான குரலில் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். கூட ஆள் இருந்தால் அவர் எதிரே வரும் வண்டிக்குக் கை காட்டட்டும். வந்ததும் அடிக்காதீர்கள், அடித்தால் அடுத்தமுறை வராது. வண்டி மோதிவிட்டால், வலியில் கடிக்கும் என்பதால் துண்டால் வாயைத் தளர்வாகக் கட்டி (மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ கட்டாதீர்கள்), பலகையிலோ விரித்த போர்வையிலோ மெதுவாக நகர்த்தி ஏற்றி, வழியிலேயே கால்நடை மருத்துவருக்குப் போன் செய்துவிடுங்கள். அந்த எண் இப்போதே உங்கள் போனில் இருக்கட்டும். கூடவே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.